நேர்ந்த முடி

அந்தோனியம்மாளிடம் மசாலா வாங்க வருகிறவர்கள் கறியின் பெயரைச் சொன்னால் போதும். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். சிங்கப்பூரில் பழைய தேக்கா மார்க்கெட்டில், மீன் கடைத் தண்ணீர் வந்து தேங்கும் ஓரத்தில் அவளுடைய பலகை. அதன்மேல் அரைத்த மிளகாய் சிவப்பாக ஒரு குவியல், மஞ்சள் ஒரு குவியல், பிறகு மல்லி, சீரகம், சோம்பு, இஞ்சி பூண்டு எல்லாம் ஈரம் காயாமல் உட்கார்ந்திருக்கும். சீனப் பெண்கள் வந்து நின்றால், என்ன சமைக்கப்போகிறாய் என்று மலாயில் கேட்பாள்: "மசாக் அபா?" கோழி என்றால் ஒரு கணக்கு, மீன்தலை என்றால் வேறு கணக்கு. விரலாலேயே கிள்ளிக் கிள்ளி இலையில் அப்பி மடித்துக் கொடுப்பாள்.

வருஷக்கணக்காக மிளகாயில் கிடந்த கை அது. தேங்காயெண்ணெய் தடவினாலும் எரிச்சல் நிற்காது. அழுகை வந்தால்கூட அவளால் கண்ணைத் துடைக்க முடியாது. தோளைத் தூக்கி ரவிக்கைக் கையில் முகத்தைத் தேய்த்துக்கொள்வாள்.

நான் பக்கத்தில் கீரையும் முருங்கைக்காயும் விற்றேன். வீடும் பக்கத்து அறைதான். கெர்பாவ் ரோட்டில் கடைவீட்டு மாடி, நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நான் "நூறு" என்பேன். அதனால் இப்போது சொல்லப்போவதில் பாதி நான் கண்ணால் கண்டது, பாதி அந்தப் பலகை சொன்னது.

அந்தோனியம்மாளின் புருஷன் சிலுவைராஜ் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர். அதிகம் பேசமாட்டார். வேலைக்குக் கிளம்பும்முன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் படி இறங்குவார். அவருக்குத் தெரிந்த கொஞ்சல் அது ஒன்றுதான். சின்னவள் ரூபிக்கு அது தவறியதே இல்லை. மூத்தவன் எட்மண்டுக்கு நின்றுபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

எட்மண்ட் தேசிய சேவை என்கிற கட்டாயப் பட்டாளப் பயிற்சி முடித்து வந்த கையோடு முடி வளர்க்க ஆரம்பித்தான். ஒரு கித்தாரும் வாங்கினான், மின்சாரத்தில் கத்துகிற கித்தார். நூர்தீன் என்று ஒரு மலாய்ப் பையன், எங்களோடு பழகித் தமிழ் பேசுவான், டிரம் அடிப்பான். பெர்னார்ட் என்று இன்னொருவன் தடித்த கம்பி போட்ட கித்தார் வாசித்துக்கொண்டே பாடுவான். மூன்று பேரும் சேர்ந்து 'ஃபிஃப்த் மைல்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மற்ற பையன்கள் ஓட்டல்களில் வெள்ளைக்காரன் பாட்டை அச்சு அசலாகப் பாடிச் சம்பாதித்தபோது, எட்மண்ட் மட்டும் சொந்தமாகப் பாட்டுக் கட்டினான். ரோச்சோர் கால்வாய் நாற்றம், பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம், இடித்துப்போட்ட கடைவீடு, இதெல்லாம் ஒரு பாட்டா என்று நான் கேட்டிருக்கிறேன். "இதான் ஆன்ட்டி நமக்குத் தெரிஞ்ச பாட்டு" என்பான். இங்கிலீஷ் எனக்குப் புரியாது. ஆனால் பெருமழை வருமுன் தகரக் கூரையில் காற்று மோதுமே, அந்தச் சத்தம் அவன் கித்தாரில் இருந்தது. கேட்டால் துணியை எடுத்து உள்ளே போடத் தோன்றும்.

ஒருநாள் காலையில் ரூபிக்குச் சிலுவை போட்ட கையோடு சிலுவைராஜ் படி இறங்கப் போனார். அந்தோனியம்மாள் மறித்தாள்.

"பெரியவனும் நிக்கிறான்ல? அவனுக்கும் போட்டுட்டுப் போங்களேன்."

"எங்க போடுறது? இந்த மயிரை விலக்கி நெத்தி எங்க இருக்குன்னு தேடணும். எனக்கு வேலைக்கு நேரமாகுது."

எட்மண்ட் சிரித்தான். சிரித்துவிட்டு அடுப்படிப் பக்கம் போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அது எழுபத்து நாலு. நீள முடிக்காரர்களை அரசாங்கத்துக்குப் பிடிக்காத காலம். போகிற இடமெல்லாம் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். முடி நெற்றியை மறைக்கக்கூடாது, காதை மூடக்கூடாது, காலரைத் தொடக்கூடாது. மீறினால் எந்த ஆபீசிலும் அந்த ஆளைக் கடைசியாகத்தான் கவனிப்பார்கள். எட்மண்டின் முடி மூன்றையுமே மீறியிருந்தது.

அந்த வருஷம்தான் துறைமுகத்தில் கயிறு அறுந்து ஒரு பெட்டி சிலுவைராஜின் காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாவுக்கட்டைப் பிரிக்கும்போது எலும்பு சேர்ந்திருந்தால் சரி, இல்லாவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடி அறையில் கட்டிலில் கிடந்து அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வலி மாத்திரை தீர்ந்தால் ஆள் துடித்துப்போவார்.

ஒருநாள் மாத்திரை வாங்கிவர எட்மண்டைக் காலையிலேயே அனுப்பினார்கள். நாங்கள் மார்க்கெட்டை முடித்து மாடி ஏறினபோது சிலுவைராஜ் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பையன் திரும்பி வந்திருக்கவில்லை.

"ஏமா தங்கம், நீயும் வா" என்று என்னைக் கூப்பிட்டாள் அந்தோனியம்மாள். கைகூடக் கழுவவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற இடத்தில் ஒரே கூட்டம். எட்மண்ட் ஓரத்துப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான், தலையைக் குனிந்து.

"என்னடா இங்க உட்கார்ந்திருக்க? அப்பா அங்க சாகக் கிடக்கிறாரு!"

"நான் என்னம்மா பண்றது? ஒருத்தர் முடிஞ்சா இன்னொருத்தர் வந்துடுறாங்க. எல்லாரும் போனப்புறம்தான் நானாம். ஆளுங்க வந்துகிட்டேதான் இருப்பாங்க. கடைசின்னு ஒண்ணு வரவே வராது."

அவள் நேரே ஜன்னலுக்குப் போனாள். உள்ளே இருந்தவர் நம்ம ஆள்தான், இராமசாமி என்று பெயர். நல்ல மனிதர், ஆனால் சட்டத்துக்குப் பயந்தவர்.

"ரூல் இருக்கும்மா. நான் என்ன செய்ய? முடியை வெட்டிட்டு வரச் சொல்லுங்க, உடனே தர்றேன்."

"வெட்டக்கூடாதுங்கய்யா."

"ஏன் வெட்டக்கூடாது?"

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை அங்கே நின்றபோதுதான் அவள் வாய்க்கு வந்தது, அதற்கு முன்னால் இல்லை.

"அது நேர்ந்த முடி. அவங்கப்பா கால் சரியாகணும்னு வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்து விட்டிருக்கு. அங்க போய்த்தான் இறக்கணும்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இராமசாமி எட்மண்டைப் பார்த்தார், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மாத்திரையைக் கொடுக்கும்போது, "நானும் பழனிக்கு நேர்ந்தவன்தாம்மா. முதல்லயே சொல்லக்கூடாதா தம்பி?" என்றார்.

படி இறங்கும்போது எட்மண்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ம்மா! என்னம்மா இப்படிப் பொய் சொல்றீங்க? சூப்பர்லா! இனிமே எந்த ஆபீசுக்குப் போனாலும் மாதா பேரைச் சொல்லிடலாம்."

அந்தோனியம்மாள் சிரிக்கவில்லை. தோளைத் தூக்கி முகத்தைத் தேய்த்துக்கொண்டு நடந்தாள்.

வரிசையில் நின்றவர்களில் சேக் தாவூதும் ஒருவர். சிலுவைராஜோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அடுத்தநாளே ஒரு மைலோ டின்னை எடுத்துக்கொண்டு பார்க்க வந்துவிட்டார். நான் அந்த நேரம் கஞ்சி கொண்டுபோயிருந்தேன்.

"என்னப்பா சிலுவை, கொடுத்துவச்ச ஆளு நீ. உன் காலுக்காக மகன் முடி நேர்ந்துகிட்டானாமே? நான் என் கண்ணால பார்த்தேன். அந்த முடிக்காக அத்தனை பேருக்கு முன்னால குறுகி உட்கார்ந்திருந்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலை. எங்க நாகூர் பக்கத்துலதானே வேளாங்கண்ணி? நான் துவா கேக்குறேன்."

சிலுவைராஜ் மைலோ டின்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். தாவூது போனபிறகு, "எட்மண்ட்" என்று கூப்பிட்டார். அந்தக் குரலில் அந்தப் பெயரைக் கேட்டு வெகுநாளாகிவிட்டது. பையன் வந்து கட்டிலோரம் நின்றான்.

"குனி."

குனிந்தான். அவர் இரண்டு கையாலும் அவன் முடியை விலக்கினார். திரைச்சீலையை ஒதுக்குகிற மாதிரி, மெதுவாக. நெற்றியைக் கண்டுபிடித்து, கட்டைவிரலால் சிலுவை போட்டார். கையை உடனே எடுக்கவில்லை.

"எனக்குன்னு சொல்லியிருக்கலாம்லடா" என்றார். "உன்னை நான் எவ்வளவு பேசிட்டேன்."

எட்மண்ட் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். அவள் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷத்தில் யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருக்கலாம். யாரும் திறக்கவில்லை.

அன்றுமுதல் தினமும் காலையில் கட்டிலோரம் போய்க் குனிந்து சிலுவை வாங்கிக்கொண்டுதான் அவன் ஸ்டோர் வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் ரோட்டு மாதா கோயிலில் பெண்கள் அவனைப் பிடித்து நிறுத்தித் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஃபாதர்கூடத் தோளில் தட்டினார். அந்தோனியம்மாள் யாரிடம் போய் என்ன சொல்லுவாள்?

அப்போதுதான் அது வந்தது. மிஸ்டர் லிம் என்று ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரர், மத்தியானத்தில் இளசுகள் கூடி ஆடுகிற ஒரு தேநீர் நடனத்தில் ஃபிஃப்த் மைல் வாசித்ததைக் கேட்டிருக்கிறார். சொந்தப் பாட்டு இரண்டை இசைத்தட்டில் போடுகிறேன் என்றார். அதற்கு முன்னால் டிவியில் ஒரு நிகழ்ச்சி. டிவியில் நீள முடிக்காரர்களைக் காட்டமாட்டார்கள், மூன்று பேரும் ஒழுங்காக வெட்டிக்கொண்டு வரவேண்டும். நாளும் குறித்துவிட்டார். சிலுவைராஜின் கட்டைப் பிரிக்க ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த நாள் அதற்கு அடுத்த வாரம்.

எட்மண்ட் ஓடிவந்து மாடி ஏறின சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முடிக்காக எத்தனையோ வசவு வாங்கினவன், "முடி போனா போகுது" என்றான் முதல் வார்த்தையாக. "பாட்டு தட்டுல வருதும்மா!"

அந்தோனியம்மாள் அடுப்படிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள். அடுப்படி என் தடுப்பை ஒட்டியது.

"வெட்டக்கூடாது."

"என்னம்மா சொல்றீங்க?"

"கட்டு பிரிக்கிறவரைக்காவது வெட்டாதடா."

"ம்மா, அது பொய்மா. நீங்கதான் சொன்னீங்க, மருந்து வாங்குறதுக்காக. நீங்க நேர்ந்துக்கவே இல்லை."

"நேர்ந்துக்கலைதான். ஆனா வாயால மாதா பேரைச் சொல்லிட்டேனே. கூட்டத்துல, அத்தனை பேர் காதுபட. சொன்னது அவ காதுலயும்தானே விழுந்திருக்கும்? சரி, நேர்ந்துகிட்டான்னு அவ எடுத்துகிட்டிருப்பா. இப்போ நீ போய் வெட்டினா, அப்பா காலு..."

"மாதாவுக்கு எது பொய் எது நிஜம்னு தெரியாதாம்மா?"

"தெரியும். தெரிஞ்சும் மருந்து வாங்கிக் கொடுத்தாள்ல? அதான் எனக்குப் பயமா இருக்கு."

அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் மெல்லச் சொன்னான்.

"ம்மா, எனக்கு இது ஒண்ணுதான். வேற எதுவும் வராது எனக்கு. ஸ்டோர்ல மூட்டை எண்ணிகிட்டே செத்துப்போவேன்."

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

"என்னை என்ன செய்யச் சொல்ற? நான் அப்பாகிட்டப் போய்ச் சொல்லிடவா? சொல்லிடுறேன். இப்பவே போறேன். அவரு உனக்குப் போட்ட சிலுவையெல்லாம்..."

"வேண்டாம்மா" என்றான் அவன். "சொல்லாதீங்க."

மறுநாள் அவன் டன்லப் ஸ்திரீட்டில் முடிவெட்டுகிற தனசேகரன் கடைக்குப் போய்ச் சேரில் உட்கார்ந்திருக்கிறான். துண்டைப் போர்த்தின தனசேகரன் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை உருவிக்கொண்டார்.

"நீ மசாலாக்கார அம்மா மகன்தானே? நேர்ந்த முடியில நான் கத்திரி வைக்கமாட்டேன் தம்பி. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"பாதிதாண்ணே வேணும். காது தெரியுற அளவுக்கு."

"சாமிக்குச் சொன்னதுல பாதி என்ன, முழுசு என்ன? போய் அப்பா காலைப் பாரு."

விஷயம் தேக்கா முழுக்கப் பரவியிருந்தது. நம்ம ஆட்கள் ஒருவரும் அவன் தலையில் கைவைக்கத் தயாராக இல்லை. சீனர் கடைக்குப் போயிருக்கலாம், அங்கே யாருக்கும் மாதாவும் தெரியாது நேர்ச்சையும் தெரியாது. போனான். விசிறிக்கடியில் உட்கார்ந்து காத்திருந்தான். முறை வந்து கிழவர் சேரைத் தட்டினபோது எழுந்து வெளியே வந்துவிட்டான். இதை அவனே பிற்பாடு என்னிடம் சொன்னான்.

"ஏன்டா எழுந்து வந்த?" என்று கேட்டேன்.

"காலையில அப்பா போட்ட சிலுவை நெத்தியில இருக்கிற மாதிரியே இருந்துச்சு ஆன்ட்டி. முடி போச்சுன்னா அவரு கேப்பாரு. நான் சொல்லணும்."

பெர்னார்ட் வெட்டிக்கொண்டான். நூர்தீனும் வெட்டிக்கொண்டான், ஆனால் எட்மண்ட் வரவில்லை என்றதும் வாசிக்க மறுத்துவிட்டான். "முடி வளரும்லா. உன் பாட்டை வேற ஆளோட நான் அடிக்கமாட்டேன்" என்றான். மிஸ்டர் லிம் வேறு இரண்டு பையன்களைப் போட்டு, பெர்னார்டை வைத்து வேலையை முடித்தார். பாட்டு எட்மண்டுடையது. தட்டும் வெளியே வந்தது.

அடுத்த வாரம் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு சேர்ந்திருந்தது. கால் கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான். சிலுவைராஜ் ஆஸ்பத்திரி வாசலிலேயே மகனைக் கட்டிக்கொண்டு அழுதாராம்.

பிறகு ஒரு சாயங்காலம். பஃபலோ ரோட்டுக் காப்பிக்கடையில் நானும் எட்மண்டும் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தோம். ரேடியோவில் ஒரு பாட்டு வந்தது. பலகைத் தடுப்பு வழியாக ஆயிரம் தடவை கேட்ட பாட்டு, எனக்கே அடையாளம் தெரிந்தது. அவன் கோப்பையைக் கீழே வைக்காமல் கடைசிவரை கேட்டான்.

"நல்லாத்தானேடா இருக்கு?" என்றேன்.

"நடுவுல ஒரு இடத்துல நின்னு போகணும் ஆன்ட்டி. அந்தப் பையன் அவசரப்படுறான்."

தேத்தண்ணியில் ஏடு கட்டிவிட்டது. அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

கால் சரியாகிவிட்டதால் முடி இன்னும் பெரிய கட்டாகிவிட்டது. பலன் கொடுத்துவிட்டாள் மாதா. இனி வேளாங்கண்ணியில்தான் இறக்கவேண்டும், இங்கே வெட்டினால் ஏமாற்றுவது. ஆனால் போவதற்குத் தோதுப்படவேயில்லை. ஒரு வருஷம் வீடு மாறினோம். கெர்பாவ் ரோட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள், எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஆங் மோ கியோவில் ஒரே அடுக்குமாடி புளோக்கில் வீடு கிடைத்தது. ஒரு வருஷம் ரூபி கல்யாணம். தேக்கா மார்க்கெட்டும் எதிர்ப்புறம் புதுக் கட்டடத்துக்குப் போனது. தேநீர் நடனங்களை மூடினார்கள். வாசிக்க இடம் இல்லாமல் பாட்டுக்காரப் பையன்கள் டாக்சி ஓட்டப் போனார்கள். எட்மண்ட் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் சேர்ந்தான். முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டு ஹெல்மெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போவான். பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் அந்தக் கொண்டையைப் பார்த்துவிட்டுக் காப்பியோடு அனுப்பினார்கள். சனிக்கிழமைகளில் நூர்தீன் வருவான். கித்தாரை மின்சாரத்தில் சொருகாமல், டிரம்முக்குப் பதில் தலையணையைத் தட்டி வாசிப்பார்கள். மேல்வீட்டுக்காரர் புகார் கொடுப்பார் என்று பயம்.

எண்பத்து நாலில்தான் அப்பா, அம்மா, மகன் மூன்று பேரும் கப்பலேறினார்கள், நாகப்பட்டினத்துக்கு. திரும்பி வந்தபோது எட்மண்டின் தலை முட்டையாக இருந்தது, முகம் யாரோ வேற்றாள் முகம். நான் பார்த்துச் சிரித்தேன். அவர்கள் மூவரும் சிரிக்கவில்லை. சிலுவைராஜ் யாரோடும் பேசவில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

என்ன நடந்தது என்று மறுவாரம் மார்க்கெட்டில்தான் அந்தோனியம்மாள் சொன்னாள், மல்லிக் குவியலைத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டே.

"முடி இறக்குற கொட்டகையில இவரு கூடவே நின்னாரு தங்கம். ஒரு கத்தை விழுந்தா குனிஞ்சு எடுத்து முத்திக்கிறாரு. ஒவ்வொண்ணா. என் காலு, என் காலுங்கிறாரு. என்னால பார்க்க முடியலை. கோயிலுக்குள்ள மாதாவை நிமிர்ந்து பார்க்கவும் முடியலை. வெளியே வந்து மணல்ல உட்கார்ந்ததும் சொல்லிட்டேன். அது நேர்ச்சையே இல்லைங்க, மருந்துக்காக நான் சொன்ன பொய், அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. எழுந்து கடல்பக்கம் போயிட்டாரு. கப்பல்ல வர்ற வழியெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துகிட்டாரு. அன்னையிலிருந்து காலையில சிலுவை போடுறது இல்லை. அவன் போய் முன்னால குனியுறான். இவரு ஜன்னலைப் பார்க்கிறாரு. அவன் கொஞ்சநேரம் குனிஞ்சிட்டுப் போயிடுறான்." தோளைத் தூக்கி முகத்தைத் தேய்த்தாள். ஒரு சீனக் கிழவி வந்து நின்றாள். "மசாக் அபா?" என்று அவளிடம் திரும்பினாள்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளைகள் நாலைந்து பேர் எங்கள் புளோக்குக்கு எட்மண்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். காலேஜ் படிக்கிற பிள்ளைகள், ஒருத்தன் தலை முள்ளாக நின்றது, ஒருத்தன் தலையில் பாதி மழித்திருந்தது. கெர்பாவ் ரோட்டு அறையில் நூர்தீன் எப்போதோ ஒரு கேசட்டில் பிடித்துவைத்திருந்த பாட்டெல்லாம் கைமாறிக் கைமாறி இவர்களிடம் வந்திருக்கிறது. இவர்களும் ஓட்டல் பாட்டு வேண்டாம், சொந்தப் பாட்டுத்தான் என்கிற கட்சி. சமூக மன்றத்து மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு வாங்கியிருக்கிறோம், ஃபிஃப்த் மைல் வந்து வாசிக்கவேண்டும் என்றார்கள். அந்தோனியம்மாள் குரலைக் கேட்டதும் ஒருத்தன் துள்ளினான். "ஆன்ட்டி, நீங்கதானா அது? கேசட்ல 'சோறு ஆறுதுடா'ன்னு கத்துறது? எங்களுக்கு அது மனப்பாடம் லா!" இன்னொருத்தன் எட்மண்டின் மொட்டையைப் பார்த்து, "அங்கிள், ஹேர்ஸ்டைல் டாப்பு" என்றான். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிலுவைராஜ் உள்ளறையில் இருந்தார், வெளியே வரவில்லை.

எட்மண்ட் மாட்டேன் என்றுதான் சொன்னான். "கை மரத்துப்போச்சு. இனிமே என்ன இருக்கு?" நூர்தீன் விடவில்லை. "நாளெல்லாம் தலையணையைத் தட்டவச்சியேடா. ஒருநாளாவது நான் டிரம்மைத் தட்டவேணாமா?" என்றான்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து, கோழிக்கறி சமைத்து வைத்துவிட்டு, அந்தோனியம்மாள் புருஷனிடம் போய் நின்றாள். "வர்றீங்களா?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அவளும் மட்டும் கிளம்பினோம்.

மண்டபம் சின்னதுதான். இரும்பு நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் புடைவையும் குடையுமாக முன்னால் உட்கார்ந்தோம். எட்மண்ட் மேடைப் படிக்குப் பக்கத்தில் கித்தாரை மாட்டிக்கொண்டு நின்றான். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தான். நூர்தீன் மேலே போய் உட்கார்ந்துவிட்டான். இவனுக்குக் கால் எழவில்லை. பிள்ளைகள் கைதட்டிக் கூப்பிட்டார்கள். அப்படியும் எழவில்லை.

பின்னால் தடியூன்றுகிற சத்தம் கேட்டது. ஒரு கால் குட்டையானவர் நடந்தால் தனிச் சத்தம், எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் வழிவிட்டார்கள். சிலுவைராஜ் கோயிலுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையோடு வந்து மகன் முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது.

"அப்பா" என்றான் எட்மண்ட். "அம்மா சொன்னதெல்லாம் எனக்கும் தெரியும்பா. அன்னைக்கே தெரியும். நானும்தான் சொல்லலை."

"அந்த மாத்திரையைப் போட்டுத்தான் அன்னைக்குத் தூங்கினேன்" என்றார் சிலுவைராஜ். "அது பொய்யா?"

எட்மண்ட் கித்தார் வாரைப் பிடித்துக்கொண்டான்.

"டிவிக்காரன் வெட்டச் சொன்னானாமே. நூர்தீன் நேத்து வந்து சொன்னான். அந்தத் தட்டுல வந்தது உன் பாட்டாமே." அவர் தடியை மாற்றி ஊன்றினார். "அது ஒண்ணுதான்டா எனக்கு யாரும் சொல்லலை."

அந்தோனியம்மாள் தோளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் பாதி புரிந்திருக்கும், பாதி புரிந்திருக்காது. ஆனால் ஒருத்தர்கூட அசையவில்லை.

"குனி" என்றார்.

கித்தார் தரையில் இடிக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு எட்மண்ட் குனிந்தான். சிலுவைராஜ் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பழக்கத்தில் இரண்டு கையையும் தூக்கினார், முடியை விலக்குவதற்காக. விலக்க அங்கே ஒன்றும் இல்லை. கை அந்தரத்தில் கொஞ்சநேரம் நின்றது. பிறகு கட்டைவிரலால் மெதுவாகச் சிலுவை போட்டார்.

"போ" என்றார். "அந்த இடத்துல நின்னு வாசி. அவசரப்படாத."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கேட்ட பாட்டையெல்லாம், அது நின்றுபோகிற இடத்தையும், அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்து அவரும் கேட்டிருக்கிறார்.

எட்மண்ட் மேடை ஏறினான். நூர்தீன் குச்சிகளைத் தட்டினான். நடுவில் அந்த இடம் வந்தபோது, எட்மண்ட் அவசரப்படாமல் நின்றான்.